எந்த இயலில் இருக்கிறீர்கள்?





கல்யாண வீட்டுப் பந்தியில் ஆய்வு மாணவரைக் கண்டுபிடிப்பது சுலபம். "தீசிஸ் இன்னும் முடியலையா?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்டதும் யார் அவசரமாக ரசத்தைக் கூப்பிடுகிறாரோ, அவர்தான். கேட்டவர் மேலும் தவறில்லை. ஐந்து வருடமாக ஒருவர் படித்துக்கொண்டே இருக்கிறார். பரீட்சை எழுதியதாகத் தெரியவில்லை, மார்க் வந்ததாகத் தெரியவில்லை, நிலையான வேலையும் கிடைத்தபாடில்லை. ஊருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்?

எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஆய்வு மாணவர்கள் அவ்வப்போது வருவார்கள். பழைய இதழ்களை ஆண்டுவாரியாக பைண்டு செய்து ஓர் அறையில் அடுக்கியிருக்கிறோம். அவற்றைப் புரட்டத்தான் வருகிறார்கள். முதல் ஆண்டு மாணவரையும் கடைசி ஆண்டு மாணவரையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். முதல் ஆண்டுக்காரர் எல்லாப் பக்கத்தையும் படிப்பார். அந்தக் காலத்துச் சோப்பு விளம்பரத்தைப் பார்த்துச் சிரிப்பார். ஏதோ ஒரு தொடர்கதையில் மாட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டை மறப்பார். கடைசி ஆண்டுக்காரர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் ஒரு மாதம், ஓர் ஆண்டு, பக்க எண் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த எண் கிடைத்தால் போதும், உட்காரக்கூட மாட்டார். அடிக்குறிப்பில் ஓர் எண் விட்டுப்போனதற்காக ராத்திரி பஸ் ஏறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடைசி மாதங்களைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேச நினைக்கிறேன். ஆய்வு என்றதும் நமக்கு நூலகமும் சிந்தனையும் நினைவுக்கு வருகின்றன. அதெல்லாம் முதல் மூன்று ஆண்டோடு சரி. முடிவு நெருங்க நெருங்க மனிதரைத் தின்பவை படிவம், கையெழுத்து, எழுத்துரு, பணம், வீட்டு வேலை. ஆய்வேட்டில் இவற்றுக்கென்று ஓர் இயல் கிடையாது. அதனால் இவற்றைப் பற்றி யாருக்கும் தெரிவதும் இல்லை.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. அதற்குமேல் இரண்டு ஆண்டு வரை எக்ஸ்டென்ஷன் தரலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு உண்டு. தாராளமான காலம்தான். இனி உதவித்தொகைக் கணக்கைப் பாருங்கள். நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து உயர்ந்த தொகை, மொத்தம் ஐந்து ஆண்டுக்கு. களப்பணி முடிந்து, தரவெல்லாம் சேர்ந்து, உட்கார்ந்து எழுத வேண்டிய நேரத்தில் பணம் நின்றுவிடுகிறது. விடுதி வாடகை நிற்பதில்லை. இடையில் ஏதோ ஒரு சான்றிதழ் பதிவேற்றப்படவில்லை என்று தொகை மாதக்கணக்கில் தேங்கிய கதைகளை எந்தப் பல்கலைக்கழகத்து டீக்கடையிலும் கேட்கலாம்.

இவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பெரும்பாலானோருக்கு அந்தத் தொகையே கிடையாது. தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டும், அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் பதினொரு மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு மாதம் ஓட்டிக்கொண்டும் பகுதிநேரமாக ஆய்வு செய்கிறவர்கள் அவர்கள். எதற்காக இந்தப் பாடு என்றால், வேலைக்காக. வேலைக்கான விதியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் ஆக முனைவர் பட்டம் கட்டாயம் என்றார்கள், தள்ளிவைத்தார்கள், 2023 ஜூலையிலிருந்து நெட் அல்லது செட் தகுதித் தேர்வு போதும், பட்டம் கட்டாயமில்லை என்று மாற்றினார்கள். கட்டாயம் என்று நம்பிப் பதிவு செய்தவர் அப்போது மூன்றாவது இயலில் இருந்திருப்பார். அவர் என்ன செய்வார்? நான்காவது இயலை எழுதினார்.

நான் அறிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம், தென்மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுப் பொருள் வில்லுப்பாட்டு. கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து, சுடலைமாடன் கதையையும் முத்துப்பட்டன் கதையையும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு குழுக்கள் பாடப் பதிவு செய்திருக்கிறார். பதிவு செய்யும்போது அது ஆனந்தம். எழுத்தில் இறக்கும்போதுதான் தெரியும். ஒரு மணி நேரப் பதிவை எழுத ஒரு முழு நாள் போதாது. குடத்தின் சத்தம் பாட்டை மூடும். ஒலிபெருக்கி கரகரக்கும். பின்னால் யாரோ வெடி போட்டிருப்பார்கள். அதே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்க வேண்டும்.

அவர் எழுதும் நேரம் விடியற்காலை நான்கிலிருந்து ஆறு. ஆறு மணிக்குப் பால்காரர் வந்துவிடுவார், குழந்தை எழுந்துவிடும், கல்லூரிப் பேருந்து ஏழே காலுக்கு. சாயங்காலம் வந்து மறுபடி கணினியைத் திறந்தால் மாமியார் கேட்பாராம்: "கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு சும்மாதான இருக்க? இந்த உள்ளியக் கொஞ்சம் உரிச்சிரு." கோபத்தில் சொன்னதில்லை அது. ஓர் ஆள் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருப்பதை உழைப்பு என்று எண்ண நமக்குப் பழக்கமில்லை. ஒரு பத்தியை மூன்று விதமாக எழுதி அழித்த நாளில் வீட்டாருக்குக் காட்ட என்ன இருக்கிறது?

இவருக்கு வேறொன்றும் நடந்தது. ஒரு நாள் பதிவில் ஒரு வரி பிடிபடவே இல்லை. ஒலியைக் கூட்டி வைத்து மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுப்படியிலிருந்து மாமியார் அந்த வரியைப் பாடிவிட்டார். கூடவே, "எங்க ஊர்ல இத வேற மாதிரில்லா படிப்பாவ" என்று இன்னொரு பாடத்தையும் சொன்னாராம். சின்ன வயதில் பிறந்த ஊர்க் கொடையில் கேட்டது. இத்தனை வருடமாகத் தகவலாளர்களைத் தேடி ஊர் ஊராகப் போனவரின் வீட்டு அடுப்படியிலேயே ஒருவர் இருந்திருக்கிறார். ஆய்வேட்டின் பின்னிணைப்பில், தகவலாளர் பட்டியலில், மாமியாரின் பெயரும் வயதும் ஊரும் ஏறின. அதன்பிறகு உள்ளி உரிக்கும் வேலை நின்றதா என்று கேட்டேன். "அது நிக்கல சார், ஆனா அவங்களே கொஞ்சம் உரிச்சு வச்சிர்றாங்க" என்றார்.

அவருடைய நெறியாளர் நல்ல மனிதர். தமிழ்த் துறைகளில் நெறியாளரை 'ஐயா' என்றுதான் அழைப்பார்கள், பெண்ணானால் 'அம்மா'. தொலைபேசியில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படி இருக்குமாம்.

"என்னம்மா, நாலாவது இயல் எங்கே?"

"திங்கட்கிழமை தந்துர்றேன் ஐயா."

"எந்தத் திங்கட்கிழமைன்னு சொன்னா நானும் குறிச்சு வச்சுக்குவேன்."

எல்லா நெறியாளரும் இப்படிச் சிரிப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். கொடுத்த இயலை எட்டு மாதம் மேசையில் வைத்திருந்துவிட்டு, முதல் பக்கத்தில் மட்டும் இரண்டு ஒற்றுப்பிழையைச் சுழித்துத் திருப்பித் தருகிறவரும் உண்டு. வங்கிக்கும் ரயில் முன்பதிவுக்கும் மாணவரை அனுப்புகிறவரும் உண்டு. அதற்கெல்லாம் ஒரு தனி இதழ் போட வேண்டும்.

எழுதி முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எழுத்துரு. இதை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது சிரமம், இருந்தாலும் முயல்கிறேன், ஏனென்றால் பத்திரிகை அலுவலகத்தில் நாங்களும் பட்ட அவஸ்தை இது. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். இன்றும் பல டி.டி.பி. மையங்களில் அதுதான் நடக்கிறது. அந்த எழுத்துருக்கள் கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்படுகின்றன. மேலே தமிழ் வேடம் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். திருட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளிடம் அந்தக் கோப்பைக் கொடுத்தால் அதற்குத் தெரிவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஆகவே யூனிகோடுக்கு மாற்று என்பார்கள். மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அதைவிடக் கொடுமை துணைநூற்பட்டியலில். அங்கே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த நூற்பெயர்களையும் மாற்றும் மென்பொருள் தமிழாக நினைத்துக்கொண்டு மாற்றிவிடும். ஆக்ஸ்போர்டு என்று இருந்த இடத்தில் வாயில் நுழையாத நாலைந்து மெய்யெழுத்துகள் வரிசையாக நிற்கும். முந்நூறு பக்கத்தையும் மறுபடி வரி வரியாகப் பார்க்க வேண்டும். நாள் நெருங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் அந்தத் திருட்டு எழுத்துச் சோதனை. 2018ஆம் ஆண்டின் மானியக் குழு விதிப்படி 10 விழுக்காடு வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. அதைத் தாண்டினால் பதிவே ரத்து. விதி நியாயமானது, அடுத்தவர் உழைப்பைத் திருடாமல் இருக்க அப்படி ஒன்று வேண்டும். சங்கப் பாடலை ஆராய்கிறவர் நிலையை மட்டும் யோசித்துப் பாருங்கள். குறுந்தொகைப் பாட்டை அவர் சொந்தமாக மாற்றி எழுதவா முடியும்? முறையாகச் சுட்டிய மேற்கோளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. ஆனால் மேற்கோள் குறி இல்லாமல் உள்தள்ளி அச்சிட்ட செய்யுளை மென்பொருள் தானாக அடையாளம் காணாது. யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அந்த யாராவது அன்றைக்கு விடுப்பில் இருப்பார்.

படிவங்களை நான் வரிசைப்படுத்தப் போவதில்லை. சினாப்சிஸ் கொடுத்ததற்கு ஒரு ரசீது, நூலகத்தில் பாக்கி இல்லை என்று ஒரு தாள், விடுதியில் பாக்கி இல்லை என்று ஒரு தாள், கட்டணம் கட்டிய சலான், நெறியாளர் சான்றிதழ், மாணவர் உறுதிமொழி. ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஓர் அறை வாசல். இதெல்லாம் தெரிந்த ஒரே நிபுணர் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன். எந்த நிறத்தில் ரெக்ஸின் அட்டை போட வேண்டும், முதுகில் தங்க எழுத்து எந்தப் பக்கமிருந்து தொடங்க வேண்டும், இடது ஓரம் எத்தனை அங்குலம் விட வேண்டும் என்பது பதிவாளர் அலுவலகத்தைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். கடைசி நாள் மாலை நான்கு மணிக்குப் போனாலும் "உக்காருங்க, டீ சாப்பிடுங்க, அஞ்சு மணிக்குள்ள பண்ணிரலாம்" என்பார். பண்ணியும் விடுவார். தமிழ் ஆராய்ச்சி வரலாற்றை யாராவது எழுதினால் இவர்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும்.

ஆய்வேடு கையில் கிடைத்தால் நான் முதலில் திருப்புவது நன்றியுரையைத்தான். மற்ற பக்கங்களில் 'ஆய்வாளர் கருதுகிறார்' என்று தன்னையே யாரோ போல எழுதும் மாணவர் அங்கேதான் 'நான்' என்கிறார். கடவுளில் தொடங்கி, நெறியாளர், துறைத்தலைவர், நூலகர் என்று படியிறங்கி, நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய அம்மா, அப்பா எப்போது வீட்டுக்கு வருவார் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மகள் வரை எல்லோரும் வருவார்கள். கடைசி வரி எப்போதும் தட்டச்சு செய்தவருக்கு. 'பிழையின்றித் தட்டச்சு செய்து அழகுற வடிவமைத்தவர்' என்ற அந்த வரியிலேயே ஓர் எழுத்துப்பிழை இருந்தால் அந்த ஆய்வேட்டின் மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிடுகிறது.

கொடுத்த பின்னும் காத்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் படித்து அறிக்கை அனுப்ப வேண்டும். எல்லாம் ஆறு மாதத்துக்குள் முடியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி சொல்கிறது. பல இடங்களில் அந்த ஆறு, ஒன்பதாகவும் பன்னிரண்டாகவும் வளர்கிறது. வாய்மொழித் தேர்வு நாளில் வருகிறவர்களுக்குப் பொன்னாடை, சந்தன மாலை, மதியம் ஹோட்டல் சாப்பாடு, துறைக்கே டீயும் சமோசாவும். இந்தச் செலவு பெரும்பாலும் மாணவர் தலையில்தான் விழுகிறது. உதவித்தொகை நின்று ஓராண்டு ஆனவரிடம் பொன்னாடை எதிர்பார்ப்பதை நம் பேராசிரியர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். "வேண்டாம் தம்பி, டீ மட்டும் போதும்" என்று ஒரு துறைத்தலைவர் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு அந்தத் துறையில் அதுவே வழக்கமாகிவிடும்.

வீட்டில் ஓர் ஆய்வு மாணவர் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். எந்த இயலில் இருக்கிறாய், அதில் என்ன சொல்கிறாய் என்று கேளுங்கள். முதலில் சந்தேகத்தோடு பார்ப்பார். பிறகு நிறுத்தாமல் பேசுவார். அப்படி உங்களிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பத்தி மறுநாள் காலையில் தடங்கலில்லாமல் எழுத வரும்.

இன்னொன்று எல்லா வாசகர்களுக்கும். இத்தனை பாடுபட்டு எழுதியதை யார் படிக்கிறார்கள்? நெறியாளர், தேர்வாளர்கள், அப்புறம் அடுத்த ஆய்வு மாணவர். நல்ல ஆய்வேடு அதோடு நின்றுவிட வேண்டியதில்லை. தொ. பரமசிவன் முனைவர் பட்டத்துக்காக எழுதியதுதான் 'அழகர் கோயில்'. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் நூலாக வெளியிட்டது. ஒரு கோயிலுக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் உள்ள உறவை அறிய இன்றும் அதைத்தான் தேடிப் படிக்கிறோம். இலங்கையிலிருந்து பர்மிங்காம் போய் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்த கைலாசபதியின் ஏடு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. அதே தாம்சனிடம் 1970இல் பட்டம் பெற்ற சிவத்தம்பியின் நாடக ஆய்வு நூலாக வர 1981 ஆயிற்று.

இப்போது பதினோரு ஆண்டு காத்திருக்க வேண்டாம். குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் நடத்தும் 'சோத்கங்கா' தளத்தில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. தமிழில் எழுதியவையும் ஏராளம். கட்டணம் கிடையாது, யாரும் திறந்து படிக்கலாம். உங்கள் ஊர்க் கோயில், உங்கள் ஆற்றுப் பாசனம், உங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கு, உங்கள் தாத்தா செய்த தொழில் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி ஒருவர் ஐந்தாறு ஆண்டு அலைந்து எழுதி வைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எல்லாமே சிறந்தவை என்று சொல்லமாட்டேன். முன்னுரையில் ஆய்வுப் பொருளை விட்டுவிட்டு உலகத் தோற்றத்திலிருந்து தொடங்குகிறவையும் இருக்கும். தள்ளிவிட்டு மூன்றாவது இயலுக்குப் போங்கள், சரக்கு அங்கே இருக்கும்.

இந்த மாதம் ஒன்றைத் தேடிப் படியுங்கள். உங்களுக்குத் தெரிந்து ஆய்வாளருக்குத் தெரியாமல் போனது ஏதாவது இருந்தால் எங்களுக்குக் கடிதமாக எழுதி அனுப்புங்கள். நல்ல கடிதங்களை வெளியிடுகிறோம், அந்த ஆய்வாளரின் முகவரி கிடைத்தால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்பி வைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்